வான்வழித் தூரமும் பயண நேரமும்

கோலாலம்பூரிலிருந்து காலை 9 மணிக்குப் புறப்படும் விமானம் ஒன்று சென்னையை முற்பகல் 10.30 மணிக்கு அடைகிறது என்று கொள்வோம். அதே சென்னையில் காலை 9 மணிக்கு ஏறினால் கோலாலம்பூர் வந்து இறங்கும்போது பிற்பகல் 3.30 மணி ஆகிவிடுகிறது. போகும்போது ஒன்றரை மணி. வரும்போது ஆறரை மணி! பள்ளி விடுமுறையில் உறவினரைப் பார்த்துவரச் சென்ற பிள்ளைகள் பயணச் சீட்டை வகுப்பறைக்கே கொண்டுவந்து நம்மிடம் விளக்கம் கேட்பதுண்டு. ஊர் இரண்டும் அவையே, இடைத்தூரமும் அதுவே, நேரம் மட்டும் ஏன் இப்படி என்பது நியாயமான கேள்விதானே!

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். ஈப்போவிலிருந்து தைப்பிங் செல்லும் பேருந்துக்கு அது போதும். கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் விமானத்துக்கோ அது கணக்கின் தொடக்கம் மட்டுமே. அங்கே தூரம் பூமியின் உருவத்தைப் பொறுத்தது. ஆகவே அது மாறாதது. நேரமோ காற்றையும், எரிநெய்யையும், நாடுகளின் எல்லைகளையும், சுவரில் தொங்கும் கடிகாரத்தையும் பொறுத்தது. ஆகவே அது நாளுக்கு நாள் மாறும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாமல் கணக்கை மட்டும் கற்பித்தால், மாணவன் விடையைச் சரியாக எழுதிவிட்டு உலகத்தைத் தவறாக அறிந்துகொள்வான். இதனை விளக்க, இன்று நடைபெறும் இடைநில்லா விமானப் பயணங்களில் மிக நீண்டதாகிய சிங்கப்பூர் - நியூயார்க் பயணத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கு அண்மையிலுள்ள விமான நிலையம் ஒன்று. பூமியின் மறுபுறத்து விமான நிலையம் மற்றொன்று.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். வகுப்பறைச் சுவரிலுள்ள உலகப் படத்தின் முன்னே ஒரு மாணவனை நிறுத்திச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு மிகக் குறுகிய வழியைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலோர் விரலை இடப்பக்கமாக நகர்த்தி, இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல் என்று இழுத்துச் செல்வர். கூரிய அறிவுடைய ஒருவன் வலப்பக்கமாகப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து, படத்தின் ஓரத்தில் மறைந்து, மறு ஓரத்தில் வெளிப்படுவான். விரலை நேரே மேல்நோக்கிக் கொண்டுபோய்ப் படத்துக்கு வெளியே செல்பவன் ஒருவனும் இரான். ஆனால் மிகக் குறுகிய வழி அதுதான். அது வட துருவத்தின் அருகாகச் செல்கிறது.

இதனைச் சொல்லி நம்பவைப்பது கடினம். செய்து காட்டுவது எளிது. பூகோள உருண்டையின் மேல் சிங்கப்பூரில் நூலின் ஒரு முனையையும் நியூயார்க்கில் மறு முனையையும் வைத்து, தொய்வின்றி இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே நகர்ந்து துருவத்தை ஒட்டிப் படியும். உருண்டை இல்லாத பள்ளியில் ஒரு பம்பளிமாஸ் பழம் போதும். காம்பு வட துருவம். நடுவே ஒரு கோடு பூமத்திய ரேகை. பாடம் முடிந்ததும் உரித்து உண்ணலாம் என்பதால் மாணவர் கவனமும் சிதறாது.

நூல் காட்டிய உண்மையைக் கணக்காலும் நிறுவலாம். அதற்கு உயர்நிலைக் கணிதம் வேண்டுவதில்லை. கூட்டலும் கழித்தலும் பெருக்கலுமே போதும். சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையம் வட அட்சம் 1 பாகை 22 கலையிலும், கிழக்குத் தீர்க்கம் 103 பாகை 59 கலையிலும் உள்ளது. நியூயார்க் கென்னடி விமான நிலையம் வட அட்சம் 40 பாகை 38 கலையிலும், மேற்குத் தீர்க்கம் 73 பாகை 47 கலையிலும் உள்ளது. ஒரு பாகைக்கு 60 கலை என்பது நினைவிருக்கட்டும். இரண்டு தீர்க்கங்களையும் கூட்டினால் 177 பாகை 46 கலை வருகிறது. 180 பாகை வந்திருந்தால் அவ்விரண்டு இடங்களும் துருவத்துக்கு நேர் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்திருக்கும். இங்கே குறைவது 2 பாகைக்குச் சற்று மேல்தான். ஆகவே துருவம் வழியாகவே செல்வதாக வைத்துக் கணக்கிட்டாலும் சில கிலோமீட்டர்தான் வேறுபடும்.

சிங்கப்பூரிலிருந்து துருவம்வரை, 90 பாகையில் 1 பாகை 22 கலையைக் கழிக்க, 88 பாகை 38 கலை. துருவத்திலிருந்து நியூயார்க்வரை, 90 பாகையில் 40 பாகை 38 கலையைக் கழிக்க, 49 பாகை 22 கலை. இரண்டையும் கூட்டினால் மிச்சம் மீதி இல்லாமல் 138 பாகை! இனி ஒரு பாகைக்கு எத்தனை கிலோமீட்டர்? பிரெஞ்சு அறிஞர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டர் என்னும் அளவை வகுத்தபோது, பூமத்திய ரேகையிலிருந்து துருவம்வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கையே ஒரு மீட்டர் என்றனர். எனவே 90 பாகைக்கு 10,000 கிலோமீட்டர். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டரும் அதற்குச் சிறிது மேலும். 138 பாகைக்கு 15,333 கிலோமீட்டர் ஆகிறது. விமானத் துறையினரின் அட்டவணைகளில் இத்தூரம் 15,330 முதல் 15,350 கிலோமீட்டருக்குள் காணப்படும். ஆறாம் ஆண்டு மாணவன் ஒரு பக்கத்தாளில் போட்ட கணக்கு, உலகின் மிக நீண்ட விமானப் பயணத்தின் தூரத்தை இவ்வளவு நெருங்கிவிடுவது நமக்கு எவ்வளவு மகிழ்ச்சி தருகிறது!

அட்டவணைக்கு அட்டவணை ஏன் சில கிலோமீட்டர் மாறுகிறது என்று கேட்கக்கூடும். பூமி முழு உருண்டை அன்று. பூமத்திய ரேகையில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். முழு உருண்டை எனக் கொண்டு கணக்கிடுபவருக்கும், சற்றுச் சப்பையான வடிவம் எனக் கொண்டு கணக்கிடுபவருக்கும் அவ்வளவு வேறுபாடு வரவே செய்யும். அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

உருண்டையின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் இக்குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் பகுதியாகும். பூமியின் மையம் வழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டமே பெருவட்டம். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம். தீர்க்கரேகைகள் பெருவட்டங்களின் பாதிகள். மற்ற அட்சரேகைகள் பெருவட்டங்கள் அல்ல. இதனால் விளையும் வியப்பு ஒன்று உண்டு. பீக்கிங் என்று நாம் முன்பு வழங்கிய பெய்ஜிங் நகரமும் நியூயார்க் நகரமும் ஏறக்குறைய ஒரே அட்சத்தில், 40 பாகையில், இருக்கின்றன. படத்தில் பார்த்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அட்சரேகையின் மேலேயே நேர்கிழக்கே செல்லலாம் போலத் தோன்றும். அப்படிச் சென்றால் ஏறத்தாழ 14,400 கிலோமீட்டர். வடக்கே வளைந்து ஆர்க்டிக் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர். படத்தில் நேரான கோடு பூமியில் நீண்டது. படத்தில் வளைந்த கோடு பூமியில் குறுகியது.

இதற்காக அப்படத்தை வரைந்தவரைக் குறைகூறுதல் தகாது. 1569-ஆம் ஆண்டில் மெர்க்காட்டர் அதனை மாலுமிகளுக்காக வரைந்தார். திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு செல்லும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக விழும். அவ்வேலைக்கு அது ஒப்பற்ற படம். அதன் அமைப்பின்படி துருவத்தைத் தாளில் எங்குமே குறிக்க முடியாது. மேலே போகப் போக நிலப்பரப்புகள் பெருத்துக்கொண்டே போகும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றுவதும் இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு பெரியது. மாலுமிக்கு எழுதிய படத்தைக் கொண்டு விமானத் தூரத்தைக் கற்பிக்கப் புகும்போதுதான் தவறு நேர்கிறது.

தூரம் ஒருவாறு தெளிவாயிற்று. இனி நேரம். இத்தடத்தில் செல்லும் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வல்லது. 15,340-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணிக்குச் சற்று மேல் வருகிறது. ஆனால் 2018-இல் சிங்கப்பூர் விமான நிறுவனம் இப்பயணத்தை அறிவித்தபோது கொடுத்த நேரம் 18 மணி 45 நிமிடம். மிஞ்சிய ஒன்றரை மணிக்கு மேற்பட்ட நேரம் எங்கே போயிற்று?

சிறு பங்கு தரையிலேயே போகிறது. விமானத்தின் பயண நேரம் என்பது அது வானில் இருக்கும் நேரம் அன்று. நிற்குமிடத்தில் சக்கரங்களுக்கு இட்ட முட்டுக்கட்டையை எடுத்து விமானம் அசையத் தொடங்குவதிலிருந்து, மறு நிலையத்தில் மீண்டும் முட்டுக்கட்டை இடும்வரை உள்ள நேரமே அட்டவணை நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், முறைக்காகக் காத்திருப்பதும், மெல்ல மேலேறுவதும், மெல்லக் கீழிறங்குவதும் இதில் அடங்கும். இச்செலவு குறுகிய பயணத்தில்தான் பெரிதாகத் தெரியும். கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 2,620 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 3 மணிக்கும் குறைவு. சீட்டிலோ ஏறத்தாழ 4 மணி காட்டும். நியூயார்க் பயணத்தில் இதே செலவு ஒரு மூலையில் அடங்கிவிடும்.

பெரும் பங்கு வழியில் இருக்கிறது. அதே 2018-ஆம் ஆண்டு அறிவிப்பில் பயணத் தூரம் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர் என்று இருந்தது. நூல் காட்டிய தூரத்தைவிட இது 1,350 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். 16,700-ஐ 18 மணி 45 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 890 கிலோமீட்டர் வருகிறது. ஆகவே வேகத்தில் குறையில்லை. விமானி தெரிந்தே நீண்ட வழியில் செல்கிறார் என்பதுதான் செய்தி. குறுகிய வழியை விட்டு நீண்ட வழியில் செல்வானேன்? காற்றுக்காக.

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், வெப்ப மண்டலத்துக்கு வடக்கேயும் தெற்கேயும், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஆறுபோல் ஓடும் காற்று ஒன்று உண்டு. ஜெட் காற்றோட்டம் என்பர். குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டி வீசும். அதனை முதன்முதல் முறையாக அளந்தவர்களுள் ஒருவர் ஓய்ஷி வசாபுரோ என்னும் ஜப்பானிய அறிஞர். 1920-ஆம் ஆண்டுகளில் தத்தேனோ வானாய்வு நிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றின் வேகத்தைக் குறித்தார். உலகத்தார் அனைவரும் படிக்கட்டும் என்று கருதி, முடிவுகளை எஸ்பெராந்தோ என்னும் ஆக்க மொழியில் 1926-இல் வெளியிட்டார். உலகத்தார் எவரும் படிக்கவில்லை! 1944-இல் ஜப்பான் மீது குண்டு வீசச் சென்ற அமெரிக்க விமானிகள், தம் விமானங்கள் காற்றில் தள்ளப்படுவதையும் எதிர்த்துச் சென்றால் ஊர்ந்து செல்வதையும் கண்டு திகைத்தனர். அறிவு எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பது அவ்வறிவைப் போலவே முக்கியம் என்பதற்கு மொழியாசிரியர்களாகிய நமக்கு இதனைவிட நல்ல சான்று கிடைத்தல் அரிது.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானம் பல நாள்களில் வடகிழக்கே சென்று, ஜப்பானுக்கு அப்பால் பசிபிக் பெருங்கடலின் மேல் இக்காற்றைத் தேடிப் பிடித்து, அதன் முதுகில் ஏறிக்கொள்கிறது. 1,000 கிலோமீட்டர் சுற்றினாலும் பின்னாலிருந்து தள்ளும் காற்று அச்சுற்றை ஈடுசெய்துவிடும். நியூயார்க்கிலிருந்து திரும்பும்போது, சில நாள்களில் அதே கிழக்குத் திசையில் அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து வருகிறது. இரண்டு ஊர்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் எப்பக்கம் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதானே! அத்தகைய நாளில் போய்வந்த பயணி, தாம் அறியாமலே உலகை ஒரு முறை வலம் வந்துவிடுகிறார்.

காற்றின் கணக்கு நமக்குப் புதிதன்று. ஆற்றில் நீரோட்டத்தோடும் எதிர்த்தும் செல்லும் படகின் கணக்கை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். படகை விமானமாக்கினால் போதும். 5,400 கிலோமீட்டர் தூரம். விமான வேகம் 900. காற்று வேகம் 150 என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு சென்றால் 1,050-ஆல் வகுக்க, 5 மணி 9 நிமிடம். எதிர்த்துச் சென்றால் 750-ஆல் வகுக்க, 7 மணி 12 நிமிடம். போகவர 12 மணி 21 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி. போகும்போது கிடைத்த ஆதாயம் வரும்போது நட்டத்தில் கழிந்து, கணக்கு நேராகிவிடும் என்றே மாணவர் எண்ணுவர். ஆகாது, எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதால் நட்டமே மிஞ்சும். இந்த 21 நிமிடத்தை மாணவரே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுதல் நலம்.

இஃது ஏட்டுக் கணக்கு அன்று. நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். கிழக்கு நோக்கிய பயணம் வழக்கமாக 6 முதல் 7 மணி வரை எடுக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு கடும்புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. ஒலியின் வேகத்தை அது மீறவில்லை; காற்றுக்குள் தன் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. காற்றே நகர்ந்தது.

அதே காற்று உயிரையும் வாங்கியிருக்கிறது. 1947 ஆகஸ்ட் 2-ஆம் நாள், தென் அமெரிக்காவில் புவனஸ் அயர்ஸ் நகரத்திலிருந்து ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடந்து சாந்தியாகோ செல்லப் புறப்பட்டது 'ஸ்டார் டஸ்ட்' என்னும் பிரிட்டிஷ் விமானம். 11 பேர் இருந்தனர். மாலை 5.41-க்கு, தாம் 5.45-க்குச் சாந்தியாகோ வந்து சேர்வதாகத் தந்தி வழியே தெரிவித்தனர். அதன்பின் ஓசையில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1998-க்கும் 2000-க்கும் இடையில், துப்புங்காத்தோ மலையின் பனிப்பாறையில் சிதைவுகள் கிடைத்தன. அவ்விடம் சாந்தியாகோவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மேகத்துக்கு மேலே பறந்த விமானத்துக்குத் தரை தெரியவில்லை; எதிரே வீசிய ஜெட் காற்றைப் பற்றி அக்காலத்தில் போதிய அறிவும் இல்லை. இத்தனை மணி பறந்தாயிற்று, ஆகவே இத்தனை தூரம் வந்தாயிற்று, மலை பின்னால் போயிற்று என்று கருதிக் கீழிறங்கியிருக்க வேண்டும் என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். மலை முன்னால் இருந்தது. வேகத்தை நேரத்தால் பெருக்கும் அதே எளிய கணக்குத்தான். தரைமேல் வேகம் வேறு, காற்றினுள் வேகம் வேறு என்னும் ஒன்று விடுபட்டது.

காற்றைப் பற்றிப் பேசினால் வகுப்பில் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. 'பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, விமானம் மேலேறி ஒரே இடத்தில் நின்றால் ஊர் தானாக வந்து சேராதா?' நல்ல வினா. பூமத்திய ரேகையில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. ஆனால் நிலத்தோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. விமானமும் புறப்படுமுன்பே அவ்வேகத்தைப் பெற்றிருக்கிறது. ஓடும் ரயிலில் ஒரு பையன் பந்தை மேலே எறிந்தால் அவன் கையிலேயே விழுகிறது; பின்பெட்டிக்குப் பறந்து போவதில்லை. எனினும் பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால் எழும் காற்றோட்டத்தைக் கிழக்கு நோக்கித் திருப்பிவிடுவது அச்சுழற்சிதான். பூமி விமானத்துக்கு நேரே உதவுவதில்லை; காற்றின் வாயிலாக உதவுகிறது.

இனி எரிநெய். இத்தடத்துக்கெனவே அமைக்கப்பட்ட ஏர்பஸ் ஏ350 வகை விமானம் 1,65,000 லிட்டர் எரிநெய் கொள்ளும். அதன் எடை ஏறத்தாழ 132 டன். விமானம் ஏறக்கூடிய மொத்த எடை 280 டன். அதாவது நிறைத்துக்கொண்டு புறப்பட்டால் பாதிக்குச் சற்றுக் குறைவான எடை எரிநெய்யே! முதல் சில மணி நேரம், பின்னால் வேண்டிய எரிநெய்யைத் தூக்கிச் செல்வதற்கே எரிநெய்யைச் செலவிட வேண்டியிருக்கிறது. வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு சுமப்பவன், அச்சுமையால் பசித்து அச்சோற்றையே உண்பது போன்றது இது. ஆதலால் ஆட்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்நிறுவனத்தின் மற்ற நெடுந்தூர ஏ350 விமானங்களில் 253 இருக்கைகள், இதில் 161. இப்பயணத்தை 2004-இல் நான்கு பொறி விமானங்களைக் கொண்டு தொடங்கினர். எரிநெய்ச் செலவைத் தாங்க இயலாமல் 2013-இல் நிறுத்தினர். சிக்கனமான இரட்டைப் பொறி விமானம் வந்த பிறகு 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கினர். முதலில் நியூயார்க்குக்கு அண்மையிலுள்ள நுவர்க் நிலையத்துக்குச் சென்றது. 2020 நவம்பரில் கென்னடி நிலையத்துக்கும் செல்லலாயிற்று. தூரம் 2004-லும் அதுதான்; 2018-லும் அதுதான்.

எல்லைகளின் செய்தி சுருக்கமானது, ஆனால் வலிமையானது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலிருந்து தோக்கியோவுக்கு விமானங்கள் ரஷ்யாவின் மேலாக ஏறத்தாழ 9 மணி 30 நிமிடத்தில் சென்றுகொண்டிருந்தன. 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டது. ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வான்வெளியை அடைத்துக்கொண்டன. அதன்பின் அதே இரண்டு ஊர்களுக்கிடையே பயண நேரம் ஏறத்தாழ 13 மணி ஆயிற்று. தெற்கே சுற்றிச் செல்ல வேண்டும், அல்லது வட துருவத்தைக் கடந்து அலாஸ்காப் பக்கமாக இறங்க வேண்டும். பனிப்போர்க் காலத்திலும் இப்படித்தான் இருந்தது. சோவியத் வான்வெளி அடைபட்டிருந்ததால், 1957-இல் ஸ்காண்டிநேவிய விமானங்கள் கோப்பன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாகத் தோக்கியோவுக்கு முதல் துருவப் பயணத்தைத் தொடங்கின. நூல் காட்டும் வழியை நாடுகள் தரும் அனுமதிதான் திறக்கிறது.

கடைசியாகக் கடிகாரம். பூமி 24 மணியில் 360 பாகை சுழல்வதால் ஒரு மணிக்கு 15 பாகை. சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் உள்ள 177 பாகை 46 கலையை 15-ஆல் வகுத்தால் 12 மணிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. சூரியனைக் கேட்டால் அதுதான் வேறுபாடு. கடிகாரத்தைக் கேட்டாலோ குளிர்காலத்தில் 13 மணி. அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் கோடைக்காலத்தில் 12 மணி. சூரியனும் கடிகாரமும் ஒத்துப்போகாததற்கு நாமும் காரணம். 1982 ஜனவரி 1-ஆம் நாள் தீபகற்ப மலேசியா, சபா சரவாக் மாநிலங்களின் நேரத்தை மேற்கொண்டு கடிகாரத்தை அரை மணி முன்னே வைத்தது; சிங்கப்பூரும் உடன் சேர்ந்தது. அதனால் நம் நாட்டில் உச்சிப்பொழுது 12 மணிக்கு வருவதில்லை. பள்ளித் திடலில் ஒரு கோலை நட்டுப் பார்த்தால், நிழல் மிகக் குறுகி நிற்பது ஏறத்தாழ 1.15 மணிக்குத்தான். விலையில்லாத சோதனை, எத்தோட்டப் பள்ளியிலும் செய்யலாம்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய காலத்தில் இத்தொல்லை இல்லை. இத்தனை நாள் கடல் என்று சொன்னால் அது அங்கும் இங்கும் ஒரே கணக்குத்தான். இன்று தோட்டத்துப் பிள்ளைகளும் அமெரிக்காவுக்குப் படிக்கச் செல்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் அந்தி வேளையில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். "ஐயா, பிள்ளை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சிங்கப்பூரில் ஏறியது. சாயந்தரம் ஐந்தே முக்காலுக்குள் போய்ச் சேரும் என்று சீட்டில் போட்டிருக்கிறது. இப்போது ஏழாகிவிட்டதே, போன் வரவில்லையே" என்றார். அவர் கையில் அச்சீட்டின் நகல் இருந்தது. அவர் படித்ததில் தவறில்லை. சீட்டில் அப்படியே இருந்தது. அது நியூயார்க் மாலை என்றும், அம்மாலை வரும்போது நமக்கு மறுநாள் விடிந்துவிடும் என்றும், "நாளைக் காலை நீங்கள் வேலைக்காட்டுக்குப் போன பிறகுதான் அம்மா பிள்ளை இறங்கும்" என்றும் சொன்னபின்பே அவர் முகம் தெளிந்தது. அன்றிரவு முழுதும் அவர் வேறு விதமாக எண்ணியிருந்தால் என்ன பாடுபட்டிருப்பார்!

சீட்டிலுள்ள இரண்டு ஊர் நேரங்களைக் கொண்டு உண்மைப் பயண நேரத்தைக் காணும் எளிய வழி ஒன்று உண்டு. எந்த ஊருக்கு எத்தனை மணி வேறுபாடு என்று தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. போகும் பயணத்தையும் திரும்பும் பயணத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும். போகும்போது கூடிய கடிகார வேறுபாடு வரும்போது கழிந்துவிடும். சென்னைப் பயணத்தில் ஒன்றரையும் ஆறரையும் எட்டு. பாதி நான்கு மணி. நியூயார்க் பயணத்தில், குளிர்காலத்தில் சிங்கப்பூரை நண்பகல் 12 மணிக்கு விட்டு நியூயார்க்கை அன்றே மாலை 5.40-க்கு அடைவதாகவும், நியூயார்க்கை இரவு 10 மணிக்கு விட்டு மூன்றாம் நாள் காலை 5.50-க்குச் சிங்கப்பூர் வருவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முதலது 5 மணி 40 நிமிடம். அடுத்தது 31 மணி 50 நிமிடம். கூட்டினால் 37 மணி 30 நிமிடம். பாதி 18 மணி 45 நிமிடம். இனி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாதியாக்கச் சொல்லுங்கள். 13 மணி 5 நிமிடம் வரும். 13 மணி கடிகார வேறுபாடு. எஞ்சிய 5 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று மாணவரைக் கேளுங்கள். போன பயணம் 18 மணி 40 நிமிடம், வந்த பயணம் 18 மணி 50 நிமிடம் என்று ஒருவன் கண்டு சொல்வான். அந்த 10 நிமிடத்தில் பாதிதான் இந்த 5.